டிஸ்க்கா, ரிம்மா? ரோடு பைக் வாங்கும் முன் பிரேக்கைக் கொஞ்சம் பக்கத்தில் பார்ப்போம்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் சேலத்துக்காரர். சென்னைக்கு வந்த ஆறு மாதத்தில், ஞாயிறு விடிகாலையில் ஈ.சி.ஆர். ரோட்டில் சைக்கிளில் போகும் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது. ரோடு பைக், அதாவது தார் ரோட்டில் வேகமாக ஓட்டுவதற்கான மெல்லிய டயர் சைக்கிள், இரண்டைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்று புத்தம் புதியது, ஆரம்ப நிலை கியர், டிஸ்க் பிரேக். இன்னொன்று நாலு வருடம் ஓடிய செகண்ட் ஹேண்ட், ஷிமானோ கம்பெனியின் 105 வரிசை கியர், ரிம் பிரேக். விலை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

"டிஸ்க்தானே அண்ணா நல்லது? மோட்டார் பைக்கிலேயே இப்ப எல்லாம் டிஸ்க்தானே" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்திருக்கலாம். ஆனால் அவர் வாங்க இருந்த அந்தக் குறிப்பிட்ட டிஸ்க் வண்டி எனக்கு உறுத்தியது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். முன் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். டயருக்குச் சற்று உள்ளே, ரிம்மின் இரண்டு பக்கத்தையும் ரப்பர் கட்டைகள் வந்து கவ்வினால் அது ரிம் பிரேக். சக்கரத்தின் நடுவில், ஹப்பை ஒட்டி ஒரு மெல்லிய எஃகு வட்டு இருந்து, அதை ஒரு சின்னக் கவ்வி பிடித்தால் அது டிஸ்க் பிரேக். அந்த வட்டுக்கு ரோட்டார் என்று பெயர், கவ்விக்குக் காலிபர். வித்தியாசம் இவ்வளவுதான்: ஒன்று சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கிறது, மற்றது நடுவில் மாட்டிய தனி வட்டைப் பிடிக்கிறது.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்றாவது ஒரு வகையும் நினைவிருக்கும். அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிளில் ஒயருக்குப் பதில் கம்பி இருக்கும். ஹேண்டில்பாருக்குக் கீழே பிடித்து இழுத்தால், கட்டைகள் ரிம்மின் உட்பக்கத்தில் போய் மேலே அழுத்தும். மழையில் அதைப் பிடித்துக்கொண்டே காலையும் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவோம். ரிம் பிரேக் என்றாலே மட்டம் என்று பலர் மனதில் பதிந்திருப்பதற்கு அந்தக் கம்பி பிரேக்கும் ஒரு காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம். இன்றைய ரோடு பைக்கில் வரும் ரிம் பிரேக்குக்கும் அதற்கும் உறவு தூரம்.

சரி, எது வண்டியை நிறுத்துகிறது?

பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது, டயர் ரோட்டைப் பிடிக்கும் பிடி. சைக்கிளில் இன்னொரு எல்லையும் உண்டு. முன் பிரேக்கை ஓர் அளவுக்கு மேல் இறுக்கினால் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அதற்கும் மேல் இறுக்கினால் நாம் ஹேண்டில்பாரைத் தாண்டி முன்னால் போய் விழுவோம். நாம் உயரமாக உட்கார்ந்திருப்பதாலும் வண்டி குட்டையாக இருப்பதாலும் வரும் எல்லை இது. கணக்காகச் சொன்னால், புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதிக்குச் சற்று மேல் வரைதான் ஒரு சைக்கிளால் வேகம் குறைக்க முடியும். 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அந்தப் பாதி அளவில் நிற்க ஏறத்தாழ 7 மீட்டர் ஆகும்.

காய்ந்த ரோட்டில், நல்ல ரிம் பிரேக்காலும் பின் சக்கரத்தைத் தூக்கவைக்க முடியும். டிஸ்க்காலும் முடியும். ஆகவே "டிஸ்க் போட்டால் பாதி தூரத்தில் நிற்கும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். எல்லையை அடைய எத்தனை விரல் வேண்டும், எவ்வளவு நுணுக்கமாக அடைய முடியும், மழையிலும் அடைய முடியுமா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

யோசித்துப் பார்த்தால் ரிம் பிரேக்கும் ஒரு டிஸ்க் பிரேக்தான். ரிம்மே அதன் வட்டு. அதுவும் எவ்வளவு பெரிய வட்டு! ரோடு பைக் ரிம்மின் ஆரம் சுமார் 31 செ.மீ. டிஸ்க் ரோட்டாரின் விட்டமே 140 அல்லது 160 மி.மீ.தான், அதாவது ஆரம் 7, 8 செ.மீ. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவதற்கும் கைப்பிடியில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே விளைவு கிடைக்க, டிஸ்க் அந்தச் சின்ன வட்டை ஏறத்தாழ நாலு மடங்கு பலமாகப் பிடித்தாக வேண்டும். பிறகு எப்படி டிஸ்க்கில் ஒரு விரலால் நிறுத்த முடிகிறது?

விடை இடைவெளியில் இருக்கிறது. ரிம் பிரேக்கின் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை, இரண்டு மி.மீ. இடம் விட வேண்டும். சக்கரம் என்பது கம்பிகளால் இழுத்துக் கட்டிய ஒரு வளையம். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினாலே லேசாகக் கோட்டம் வந்துவிடும். இடம் விடாவிட்டால் கட்டை ரிம்மில் உரசிக்கொண்டே இருக்கும். டிஸ்க் ரோட்டார் ஹப்போடு இறுகிய தட்டு. அது அவ்வளவு ஆடாது. அதனால் அங்கே பேட் (வட்டை அழுத்தும் கட்டை) வட்டுக்கு வெகு அருகில் உட்கார்ந்திருக்கும், நடுவில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைப்பதே பெரிய பாடு. நம் விரல் லீவரை இழுக்கும் தூரம் இரண்டிலும் ஒன்றுதான். பேட் நகர வேண்டிய தூரம் மட்டும் டிஸ்க்கில் மிகக் குறைவு. தூரம் குறைந்தால் விசை கூடும். லாரி டயர் மாற்ற ஜாக்கி சுற்றியவர்களுக்கு இது புதிதல்ல: கை நிறைய நகரும், பாரம் கொஞ்சமாக நகரும், ஆனால் நகரும்.

டிஸ்க்கின் பலத்துக்குப் பெரிய காரணம் இதுதான். இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன.

முதலாவது நல்ல விளைவு. 200, 300 கி.மீ. என்று நீண்ட தூரம் போகும்போது நடுவழியில் ஒரு சக்கரக் கம்பி (ஸ்போக்) அறுந்தால், ரிம் கோணிக்கொண்டு ரிம் பிரேக்கில் தேய ஆரம்பிக்கும். சில நேரம் சக்கரம் சுற்றவே சுற்றாது. பிரேக்கைத் தளர்த்திவிட்டு ஓட்ட வேண்டியிருக்கும். டிஸ்க் வண்டியில் அதே கம்பி அறுந்தால் சக்கரம் ஆடும், ஆனால் டயர் சட்டத்தில் உரசாதவரை வீடு போய்ச் சேரலாம்.

இரண்டாவது அவ்வளவு நல்லதல்ல. இடைவெளி அவ்வளவு குறைவு என்பதால் ரோட்டார் அரை மி.மீ. வளைந்தாலும் "சிங்... சிங்... சிங்..." என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சத்தம் வரும். பஸ் டிக்கியில் சைக்கிளைப் படுக்கவைத்து, அதன் மேல் யாரோ அரிசி மூட்டையை வைத்தால் போதும், ரோட்டார் வளைந்துவிடும். வேகத்தை அது பெரிதாகக் குறைக்காது, ஆனால் காலை ஐந்து மணி அமைதியில் அந்தச் சத்தத்தோடு அறுபது கி.மீ. ஓட்டிப் பாருங்கள்.

மழை வந்தால்

ரிம் தரைக்குப் பக்கத்தில் சுற்றுகிறது. ரோட்டில் நிற்கும் தண்ணீர், மணல், சேறு எல்லாம் முதலில் அதன் மேல்தான் தெறிக்கும். நனைந்த ரிம் பிரேக்கைப் பிடித்ததும் ஒரு கணம் எதுவுமே நடக்காது. கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்கிறது, பிறகுதான் பிடிக்கிறது. துடைக்க நாலு சுற்று ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோடு பைக் சக்கரம் ஒரு சுற்றில் 2.1 மீட்டர் போகும். ஆக, பிரேக் பிடித்த பின்னும் 8 மீட்டர் சும்மாவே போய்விட்டது. காய்ந்த ரோட்டில் முழுதாக நிற்கவே 7 மீட்டர்தான் என்று மேலே பார்த்தோம். பழகியவர்கள் மழையில் அவ்வப்போது லேசாகப் பிரேக்கைத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டே வருவது இதனால்தான்.

டிஸ்க் ரோட்டார் சக்கரத்தின் நடுவில், உயரத்தில் இருக்கிறது. அதில் துளைகளும் உண்டு. பேட் மிகுந்த அழுத்தத்தோடு பிடிப்பதால் தண்ணீர் சட்டென்று விலகிவிடும். மழையில் கொஞ்சம் கத்தும், ஆனால் பிடிக்கும். டிஸ்க்குக்காகச் சொல்லப்படும் எல்லாக் காரணங்களிலும் கேள்வியே கேட்காமல் நான் ஒப்புக்கொள்வது இதை மட்டும்தான்.

கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் என்றால் மழையில் நிலைமை இன்னும் மோசம். அலுமினிய ரிம்மைவிட அதில் துடைக்கும் நேரம் கூடுதல். அதோடு நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால், சூடு தாங்காமல் கார்பனை ஒட்டியிருக்கும் பிசின் இளகி ரிம்மே கெட்டுப்போகலாம். செகண்ட் ஹேண்டில் "கார்பன் வீலோடு வருது" என்று ரிம் பிரேக் வண்டி ஒன்றைக் காட்டினால், மலைப்பாதைக்குப் போகிறவர்கள் அந்த வீலுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

சூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து 10 கிலோ. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறி இறங்கினால் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். 80 கிலோ எடை ஆயிரம் மீட்டர் கீழே இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் ஏறத்தாழ 784 கிலோஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். நேரான இறக்கத்தில் இதில் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். ஆனால் ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. வளைவுக்கு வளைவு வேகத்தைக் கொன்றுதான் திரும்ப வேண்டும், ஆக அந்தச் சூட்டில் நல்ல பங்கு பிரேக்கில்தான் இறங்கும். ரிம் பிரேக்கில் அந்தச் சூடு ரிம் வழியாக டியூபுக்கும் போகும். டிஸ்க்கில் அது ரோட்டாரோடு நிற்கும், டயருக்கு வராது. ஆனால் இறங்கி வந்த கையோடு ரோட்டாரைத் தொட்டுவிடாதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும்.

எந்தப் பிரேக்காக இருந்தாலும் மலையில் ஓட்டும் முறை ஒன்றுதான். லேசாகப் பிடித்தபடியே தேய்த்துக்கொண்டு இறங்கக் கூடாது. வளைவுக்கு முன் நேரான பாதையில் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில் பிரேக் ஆறும்.

டிஸ்க் என்றால் எந்த டிஸ்க்?

இப்போது நம் சேலத்துத் தம்பியின் வண்டிக்கு வருவோம். கடையில் "டிஸ்க்" என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு வகை. ஹைட்ராலிக் டிஸ்க்கில் லீவரிலிருந்து காலிபர் வரை குழாயில் எண்ணெய் இருக்கும். நாம் அழுத்தும் விசை அப்படியே போய் இரண்டு பக்கப் பேடையும் சமமாகத் தள்ளும். பேட் தேயத் தேய அதுவே முன்னால் வந்து இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். கேபிள் டிஸ்க்கில் பழைய ஒயர்தான். அதிலும் விலை குறைந்தவற்றில் ஒரு பக்கப் பேட் மட்டுமே நகரும். அது ரோட்டாரை வளைத்துக்கொண்டுபோய் மறுபக்கத்துப் பேடில் அமுக்கும். பிடி மொத்தையாக இருக்கும். பேட் தேய்ந்தால் நாமேதான் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஒயரில் துருவும் மண்ணும் ஏறினால் லீவர் கனக்கும்.

ஷிமானோவின் கிளாரிஸ், சோரா என்ற ஆரம்ப நிலை ரோடு வரிசைகளில் ஹைட்ராலிக் லீவர் வரவில்லை. டியாக்ரா, 105 என்று மேலே போனால்தான் அது. ஆகவே கிளாரிஸ் போட்ட வண்டியில் டிஸ்க் இருந்தால் அது அநேகமாகக் கேபிள் டிஸ்க். தம்பி பார்த்து வைத்திருந்த புது வண்டி இந்த ரகம்தான், அதிலும் ஒரு பக்கப் பேட் மட்டும் நகரும் வகை.

என் கணக்கு இது: நல்ல ஹைட்ராலிக் டிஸ்க் முதலிடம். அடுத்து, அலுமினிய ரிம்மில் நல்ல இரட்டைக் கீல் ரிம் பிரேக் (கவ்வியின் இரண்டு கையும் தனித்தனிக் கீலில் திரும்பும்), அதாவது 105 போன்றது. அதற்கும் கீழேதான் மலிவான கேபிள் டிஸ்க். பார்வைக்கு நவீனமாக இருக்கும், எடையும் கூடுதல், பிடியோ நடுத்தரம். மழையில் மட்டும் அது ரிம் பிரேக்கை முந்தும். தினமும் மழையிலும் வெயிலிலும் வேலைக்கு ஓட்டிப் போகிறவருக்கு அந்த ஒன்றுக்காகவே அது சரியாக வரலாம். ஞாயிறு காலை ஓட்டுபவருக்கு அது தேவையில்லை. எல்லாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பக்கமும் நகரும் நல்ல கேபிள் காலிபர்களும் இருக்கின்றன, அவற்றை இதில் சேர்க்கவில்லை.

பராமரிப்பிலும் இரண்டுக்கும் குணம் வேறு. ரிம் பிரேக்கில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். ஒயர் அறுந்தால் திண்டிவனத்தில் ஏதாவது ஒரு சைக்கிள் கடையில் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டுக் கிளம்பலாம். ஆனால் ரிம்மே தேய்கிறது என்பதை மறக்கக் கூடாது. கட்டையில் மணல் புதைந்துகொண்டு அரம் மாதிரி அலுமினியத்தை ராவும். பல ரிம்களில் கட்டை படும் இடத்தில் சின்னப் புள்ளியோ கோடோ பள்ளமாக இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம்முக்கு ஆயுள் முடிந்தது. புள்ளி இல்லாவிட்டால் விரலை வைத்துப் பாருங்கள், நடுவில் குழிந்திருந்தால் ஜாக்கிரதை. மாதம் ஒருமுறை கட்டையைக் கழற்றி, அதில் மினுங்கும் அலுமினியத் துகள்களை ஊசியால் நோண்டி எடுப்பது நல்ல பழக்கம்.

ஹைட்ராலிக் டிஸ்க் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. ஈ.சி.ஆர். உப்புக் காற்றில் ஒயர்கள் துருப்பிடிக்கும், மூடிய குழாய்க்குள் இருக்கும் எண்ணெய்க்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் தொந்தரவு வந்தால் வழியோரக் கடையில் கையை விரித்துவிடுவார்கள். குழாயில் காற்றுக் குமிழ் புகுந்தால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். அதை வெளியேற்ற அதற்கான ஊசிக்குழலும் சரியான எண்ணெயும் வேண்டும். ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராம் என்ற இன்னொரு கம்பெனியின் ரோடு பிரேக்குக்கு டாட் எனப்படும் பிரேக் திரவம். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். பேடில் தேயும் பகுதி அரை மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டும். ஷிமானோ ரோட்டார் புதிதாக 1.8 மி.மீ. தடிமன் இருக்கும், 1.5க்கு வந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

டிஸ்க்குக்கு ஒரே ஜென்ம விரோதி எண்ணெய். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். முதல் டிஸ்க் வண்டி வாங்கிய மாதம், மொட்டை மாடியில் நிறுத்திச் செயினுக்கு ஸ்பிரே அடித்தேன். நல்ல காற்று. பின் ரோட்டாரில் மெல்லிய படலமாக எண்ணெய் படிந்ததைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது இன்னொரு தப்பு செய்தேன்: கையில் இருந்த செயின் துடைத்த துணியாலேயே ரோட்டாரையும் துடைத்துவிட்டேன். அடுத்த நாள் காலை முதல் சிக்னலில் பிரேக் பிடித்தபோது தெருவே திரும்பிப் பார்த்தது. மயில் அகவியதுபோல் ஒரு சத்தம். சத்தம்தான் வந்ததே தவிர வண்டி நிற்கவில்லை, முன் பிரேக் புண்ணியத்தில் தப்பித்தேன். பேட் எண்ணெயைக் குடித்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதாயிற்று. ரோட்டாரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதுப் பேட் போட்டேன். புதுப் பேட் போட்டதும் அதைப் பழக்கவும் வேண்டும்: ஓரளவு வேகத்திலிருந்து நடை வேகம் வரை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், ஒரு இருபது தடவை பிரேக் பிடித்துப் பிடித்து விட வேண்டும். அதுவரை பிடி மந்தமாகவே இருக்கும்.

இன்னொன்று, ஹைட்ராலிக் வண்டியில் சக்கரத்தைக் கழற்றிய பிறகு லீவரைத் தவறிக்கூட அழுத்தாதீர்கள். நடுவில் ரோட்டார் இல்லாததால் பேடுகள் ஒன்றோடொன்று வந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு சக்கரம் உள்ளே போகாது. ரயிலிலோ பஸ்ஸிலோ கொண்டுபோகும்போது பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள்.

பந்தயக்காரர்கள் என்ன செய்தார்கள்?

எல்லாரும் டிஸ்க்குக்கு மாறிவிட்டார்களே, அதுவே ஆதாரமில்லையா என்று கேட்கலாம். மாறினார்கள், ஆனால் தயங்கித் தயங்கித்தான். சர்வதேச சைக்கிள் ஒன்றியமான யு.சி.ஐ. 2015இல் டிஸ்க்கைச் சோதனையாக அனுமதித்தது. 2016 ஏப்ரலில் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் கீழே விழுந்த ஸ்பானிய வீரர் ஃபிரான் வெந்தோசோ, ரோட்டார்தான் தன் காலைக் கிழித்தது என்றார். இல்லை என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். சோதனை நிறுத்தப்பட்டு, 2017இல் மீண்டும் தொடங்கி, 2018 ஜூலையில்தான் முழு அனுமதி கிடைத்தது. 2017இல், பல நாள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் போட்டியில் ஜெர்மனியின் மார்செல் கிட்டல் டிஸ்க் வண்டியில் ஒரு நாள் பந்தயத்தை வென்றார், அந்தப் போட்டியில் டிஸ்க்குக்கு அதுவே முதல் வெற்றி. ஆனால் 2020இல் தடே பொகாச்சார் டூரையே வென்றது ரிம் பிரேக் வண்டியில். எடை ஒரு காரணம். ஒரே தரத்தில் டிஸ்க் வண்டி சில நூறு கிராம் கூடுதல். நமக்கு அந்தக் கிராம் கணக்கு தேவையே இல்லை, காலையில் சாப்பிட்ட இரண்டு பூரியைக் குறைத்தால் சரியாகிவிடும்.

வீரர்கள் கேட்டார்களோ இல்லையோ, கம்பெனிகள் மாறிவிட்டன. 2022இல் வந்த 12 ஸ்பீடு (பின்னால் 12 பல்சக்கரம்) ஷிமானோ 105இல் ரிம் பிரேக் வகையே கிடையாது. புதிய நல்ல வண்டி வாங்கப் போனால் தேர்வு பெரும்பாலும் நம் கையில் இல்லை. அதன் மறுபக்கம் நமக்கு லாபம். டிஸ்க்குக்கு மாறுகிறவர்கள் விற்கும் அருமையான ரிம் பிரேக் வண்டிகள் செகண்ட் ஹேண்டில் மலிவாக வருகின்றன. ஒயரும் கட்டையும் இன்னும் பல வருடம் கிடைக்கும்.

முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் நம் ரோடுகளுக்குப் பிரேக்கைவிட இதுதான் முக்கியம்: டயர் அகலம். ரிம் பிரேக்கின் கவ்வி டயரைச் சுற்றி வளைத்து உட்காருவதால், பழைய ரோடு பைக்குகளில் 25, மிஞ்சினால் 28 மி.மீ. டயர்தான் நுழையும். டிஸ்க் வண்டியில் அந்தத் தடை இல்லை, 32 மி.மீ.யும் அதற்கு மேலும் சாதாரணம். வேகத்தடை, ஒட்டுப் போட்ட தார், திடீரென்று வரும் கப்பி ரோடு என்று ஓட்டுகிற நமக்கு, அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்து ஓட்டும் சுகம் தனி. பிடியும் கூடும். டயர்தான் நிறுத்துகிறது என்று பார்த்தோமே. டிஸ்க் வாங்க மழைக்கு அடுத்தபடியாக நான் சொல்லும் காரணம் இது.

இப்போதைக்கு ரிம் வாங்கிப் பிறகு டிஸ்க்காக மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டத்திலும் முன் ஃபோர்க்கிலும் காலிபர் மாட்ட இடம் வேண்டும். ஹப் வேறு, லீவர் வேறு. பின் ஹப்பின் அகலமே ரிம் வண்டியில் 130 மி.மீ., இன்றைய டிஸ்க் வண்டியில் 142. அச்சும் வேறு. கூட்டிக் கழித்தால் புது வண்டியே வாங்கிவிடலாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தம்பி கேட்டது ஒரே கேள்வி: "அப்ப நான் எதை வாங்க?"

எங்கே ஓட்டுவீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். ஞாயிறு காலை மகாபலிபுரம் வரை. மழை பெய்தால் போர்த்திக்கொண்டு தூக்கம். ஊருக்குப் போகும்போது ஏற்காடு. நவம்பர் மழையிலும் அலுவலகத்துக்கு ஓட்டுவேன் என்று அவர் சொல்லியிருந்தால், இன்னும் நாலு மாதம் காசு சேர்த்து ஹைட்ராலிக்காகவே வாங்குங்கள் என்றிருப்பேன். அவர் சொன்ன ஓட்டத்துக்கு அந்தப் பழைய 105 ரிம் பிரேக் வண்டியே போதும். சனிக்கிழமை இருவரும் போய்ப் பார்த்தோம். ரிம்மில் புள்ளி நன்றாகத் தெரிந்தது. 28 மி.மீ. டயர் இடித்துக்கொள்ளாமல் நின்றது. பின் கட்டை மட்டும் காய்ந்து கல்லாகியிருந்தது. நாலு கட்டையையும் இரண்டு ஒயரையும் மாற்றினோம், சில நூறு ரூபாய்தான் ஆயிற்று.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் ஒரு மதியம் போன் செய்தார். ஏற்காட்டிலிருந்து பாதி இறங்கி, ஒரு வளைவில் ஓரம் கட்டி நின்றிருக்கிறார்.

"நீங்க சொன்ன மாதிரியே ரிம்ல விரலை வெச்சுப் பாத்தேன் அண்ணா. டீ கிளாஸ் சூடு இருக்கு. கிளம்பலாமா?"

"விரலை எவ்வளவு நேரம் வைக்க முடியுது?"

"அஞ்சு எண்ணுற வரைக்கும்."

"இன்னொரு பத்து நிமிஷம் நில்லுங்க" என்றேன்.